இயல்பறிந்து நஞ்சறிதல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இசையும் நாட்டியமும் நிகழவிருக்கின்ற மேடையில் நஞ்சைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்த நம் செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்ட வேண்டும். “அறிவியல் பேசுங்கள், ஆனால் தமிழையும் சிறிது கலந்து கொள்ளுங்கள்” என்பது அவர் இட்ட அன்புக் கட்டளை. ஆகவே தமிழிலிருந்தே தொடங்குகின்றேன்.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்துக் காட்டுவதை இங்குள்ள பலரும் பள்ளியிற் படித்திருப்பீர்கள். புல்லும் மரமும் ஓரறிவின, நத்தை ஈரறிவினது, எறும்பு மூவறிவினது, நண்டும் தும்பியும் நாலறிவின. இப்பகுப்பு இன்றைய விலங்கியலுக்கு ஒத்ததா என்பது வேறு கேள்வி. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. நண்டையும் தும்பியையும் ஒரே வகையில் வைத்தவர்க்கு அவற்றின் உருவம் வேறு, வாழிடம் வேறு என்பது தெரியாமலா இருந்திருக்கும்? உருவத்தை விடுத்து, ‘இவ்வுயிர்க்கு எது இயலும்’ என்று அவர் கேட்டார். உயிரைப் பெயரால் அறியாமல் இயல்பால் அறிய முயன்றார். இரசாயனப் பொருள்களால் இயற்கைக்கு நேரும் தீங்கை முன்கூட்டியே மதிப்பிட முனைவோர், அண்மைக் காலத்தில் இதே வகைக் கேள்வியை வற்புறுத்திக் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர்.

ஒரு புதிய பூச்சிமருந்தோ, சாயப் பொருளோ சந்தைக்கு வருமுன் அது உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் வளர்க்க எளிதான சில உயிர்களைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். நீரில் வாழ்வனவற்றுள் ஒரு பாசி, நீர்த்தெள்ளு எனும் சிற்றுயிர், ஒரு மீன். பறவைகளில் காடையோ வாத்தோ. நீர்த்தெள்ளை மருந்து கலந்த நீரில் 48 மணி நேரம் விட்டு, எந்த அளவில் பாதி உயிர்கள் அசைவற்றுப் போகின்றன என்று காண்பார்கள். அவ்வளவைப் பத்தாலோ நூறாலோ வகுத்து, ‘இதற்குக் கீழே அச்சமில்லை’ என்று ஓர் எல்லை கட்டுவார்கள். இம்முறையை நான் இகழ வரவில்லை. இது இல்லாத காலத்தை விட இது உள்ள காலம் மேலானது. ஆயினும் ஆற்றில் வாழும் ஆயிரம் வகை உயிர்களின் சார்பாக ஒரு நீர்த்தெள்ளு மட்டும் சாட்சி சொல்வதில் உள்ள குறை, நம் போன்ற எளியவர்க்கும் விளங்கக்கூடியதே.

டி.டி.டி. எனும் பூச்சிக்கொல்லியின் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். 1967-ஆம் ஆண்டு பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்பவர் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போரிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளை எடைபோட்டு, அளந்து பார்த்தார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து வல்லூறு இனப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து வந்திருந்தது. தாய்ப்பறவை அடைகாக்க அமர்ந்தால் முட்டை நொறுங்கும். டி.டி.டி. சிதைந்து உண்டாகும் ஒரு பொருளே காரணம் எனப் பின்னர் உறுதியாயிற்று. அதே பொருளைக் கோழிக்கும் காடைக்கும் கொடுத்தால் ஓடு அவ்வளவாக மெலிவதில்லை. வீட்டுக் கோழியைக் கேட்டு வல்லூற்றின் நலத்தை அறிய முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நாம் நம் நாட்டில் என்ன செய்தோம் என்பதைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மும்பையில் வாழும் நமக்கு மலபார் குன்றின் டூங்கர்வாடியைத் தெரியும். பார்சிப் பெருமக்கள் தம் இறந்தோரை அங்குள்ள கோபுரங்களிற் கிடத்துவர். பாறுகள் வந்து அவ்வுடலை முடித்து வைக்கும். எரித்து நெருப்பையும், புதைத்து மண்ணையும் மாசுபடுத்தலாகாது என்பது அவர்தம் சமயக் கொள்கை. இன்று அங்கே பாறுகள் இல்லை. கதிரவன் ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைத்துப் பறவையின் பணியை ஒருவாறு செய்ய முயன்றிருக்கிறார்கள். பல நூற்றாண்டு பழமையான ஒரு வழக்கம் நம் கண்ணெதிரே இடறி நிற்கிறது.

பாறு என்பது பிணந்தின்னிக் கழுகிற்கு நம் சங்கப் புலவர் வழங்கிய பெயர். பாலை வழியைப் பாடும்போதும் போர்க்களத்தைப் பாடும்போதும் பாறும் எருவையும் அவர்கள் பாட்டில் தவறாமல் வந்து அமரும். ‘கழுகு’ என்று பொதுவாகச் சொன்னால் வேட்டையாடும் பறவையும் அதனுள் அடங்கிவிடுகிறது. ஆகையால் இவ்வுரையில் பாறு என்றே சொல்கிறேன்.

1980-களில் இந்தியச் சமவெளியில் பாறு இல்லாத ஊர் அரிது. தில்லியிலும், இந்நகரிலும் கூட, செத்த மாட்டைச் சுற்றி அவை கூட்டங் கூட்டமாய் இறங்கின. இராசத்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மட்டும் வெண்முதுகுப் பாறு 350-க்கு மேற்பட்ட இணைகளாகக் கூடு கட்டியது. நம் நகரிலேயே 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் அங்கே அக்கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களின் நடுவில் மீண்டும் எண்ணியபோது பாதி கூட எஞ்சவில்லை. மரக்கிளையிற் கழுத்துத் தொங்கி அமர்ந்திருக்கும் பறவைகள் சில நாளிற் செத்து விழுந்தன. 1999-இல் அவர் இதனை வெளியிட்டார். 1992-ஆம் ஆண்டு ஆயிரமாக இருந்த வெண்முதுகுப் பாறு 2007-இல் ஒன்றாகக் குறைந்தது என்று பின்னாளைய கணக்கெடுப்புகள் காட்டின. வேறு இரண்டு இனங்கள் நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தன. உலகில் வேறெந்தப் பறவைக் கூட்டமும் இத்துணை விரைவாக அழிந்ததாக எழுதப்பட்டிருப்பது மிக அரிது.

தொற்றுநோய் என்றே பலரும் முதலில் எண்ணினர். விடை பாகிஸ்தானத்துப் பஞ்சாபிலிருந்து வந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் லிண்ட்சே ஓக்ஸும் அவர் குழுவினரும் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தனர். பெரும்பாலானவற்றின் ஈரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசினாற் போல வெண்படலம் இருந்தது. அது யூரிக் அமிலம். நாம் கழிவை யூரியாவாக நீரிற் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் நின்றுவிட்டால் அது உடலுக்குள்ளேயே படியும். சிறுநீரகம் ஏன் நின்றது? அவ்வாறு இறந்தவற்றுள் 25 பறவைகளைச் சோதித்தனர். இருபத்தைந்திலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13 பறவைகளைச் சோதித்தனர், ஒன்றிலும் இல்லை. 2004-இல் இது வெளியாயிற்று.

டைக்ளோஃபெனாக் என்றதும் முன்வரிசையிற் சில முகங்கள் மலர்வதைக் காண்கிறேன். ஆம், முழங்கால் வலிக்கு நம்மிற் பலர் உட்கொள்ளும் அதே மருந்துதான். நம் குருதியில் அது இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். மாட்டின் வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் அது நன்றாகவே வேலை செய்தது, விலையும் குறைவு. 1990-களில் அது கால்நடை மருத்துவத்திற் பரவியபோது எவர்க்கும் தீய எண்ணம் இல்லை. மாட்டுக்கு நல்லதா என்று கேட்டார்கள். மனிதர்க்கு நல்லதா என்பது முன்பே தெரியும். மாட்டைத் தின்பது யார் என்ற கேள்வி எழவில்லை. நம் நாட்டிற் பெரும்பாலும் மாட்டை மனிதர் உண்பதில்லை அன்றோ! தோலை உரித்துக்கொண்டு உடலை ஊர்ப்புறத்தில் இட்டுவிடுவோம். அங்கே உண்பவர் வேறொருவர்.

இனி, பாறின் இயல்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குங்கள்.

அது பிணம் மட்டுமே உண்பது. ஆதலால் மருந்து ஏற்றிய ஓரிரு நாளில் இறந்துபோன மாட்டின் உடல் அதன் வாய்க்கு நேரே போய்ச் சேர்கிறது. அது கூட்டமாக உண்பது. ஆதலால் ஒரு மாடு ஒரு பறவையோடு நில்லாது, சுற்றி அமர்ந்த அத்தனை பறவைகளையும் கொண்டு போகிறது. அது வானில் நெடுந்தொலைவு சென்று இரை தேடுவது. ஆதலால் ஒரு மாவட்டத்தில் இம்மருந்து இல்லையென்றாலும் அங்குள்ள பறவைக்குக் காப்பில்லை. அதன் சிறுநீரகம் இம்மருந்தைத் தாங்காது. உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும், பாதிப் பறவைகள் மாள.

இவை நஞ்சு வந்து சேரும் வழியையும், சேர்ந்தபின் உடல் படும் பாட்டையும் சொல்லுகின்றன. இதனினும் முக்கியமானது, என் கருத்தில், மூன்றாவது. பாறு ஏறத்தாழ ஐந்து வயதில்தான் கூடு கட்டத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரே முட்டை. அந்த ஒன்றும் எல்லா ஆண்டும் பறவையாவதில்லை. இத்துணைச் சிறு வருவாயை வைத்துக்கொண்டு அதன் குலம் எப்படி நிலைத்தது? நீண்ட நாள் வாழ்வதால். வளர்ந்த பறவைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அடுத்த ஆண்டையும் காணும். காகம் நான்கைந்து முட்டை இடும். கெட்ட ஆண்டு ஒன்று வந்தால் நல்ல ஆண்டு ஒன்றில் ஈடுகட்டும். பாறு, மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேமித்து வாழும் குடும்பம் போன்றது. முதலில் கை வைத்தால் மீள்வதற்குத் தலைமுறை வேண்டும்.

இவ்வியல்புகளைக் கொண்டு ரைஸ் கிரீன் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 2004-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பாறுகள் இவ்வேகத்தில் அழிய எத்தனை மாட்டுடல்களில் இம்மருந்து இருக்க வேண்டும்? நூற்றுக்கு ஐம்பதா, இருபதா? 760 உடல்களில் ஒன்று முதல் 130 உடல்களில் ஒன்று வரை இருந்தாலே போதும் என்று விடை வந்தது. நூற்றுக்கு ஒன்று கூட வேண்டியதில்லை! பின்னர் நம் நாட்டிற் பல மாநிலங்களில் மாட்டுடல்களை எடுத்துச் சோதித்தபோது நூற்றுக்குப் பத்தில் அம்மருந்து இருந்தது. பறவைகள் ஏன் மறைந்தன என்று அதன்பின் எவரும் வியக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். அக்கணக்கைப் போடுவதற்கு வேண்டிய எண்கள் யாவை? எத்தனை வயதில் கூடு கட்டும், எத்தனை முட்டை இடும், எத்தனை நாளைக்கு ஒருமுறை உண்ணும் என்பனவே. இவற்றை மரத்தடியில் தொலைநோக்கியோடு காத்திருந்து குறித்து வைத்தவர்கள் இயற்கை ஆர்வலர்கள். ‘பறவை எண்ணுவதும் ஒரு வேலையா?’ என்று உறவினர் அவர்களைக் கேட்டிருப்பார்கள். மருந்தின் வேதியியலை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தாலும், அவ்வெளிய எண்கள் இல்லையேல் அதன் தீங்கை அளந்திருக்க முடியாது.

பாறு அழிந்ததனால் பறவை விரும்புவோர்க்கு மட்டும்தான் இழப்பு என்று நினைக்க வேண்டா. பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய ஊனையும் அதிலுள்ள கிருமிகளையும் அது செரித்துவிடும். அது போனபின் ஊர்ப்புறத்துப் பிணங்கள் தெருநாய்க்கு விருந்தாயின. நாய் பெருகிற்று, வெறிநாய்க்கடி பெருகிற்று, நீர்நிலைகள் கெட்டன. பாறு நிறைந்திருந்த மாவட்டங்களையும் முன்பே குறைவாயிருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மனிதர் இதன் விளைவாகக் கூடுதலாய் இறந்தனர் என்று இரு பொருளாதார அறிஞர்கள் 2024-இல் மதிப்பிட்டிருக்கின்றனர். மதிப்பீடு மதிப்பீடுதான்; ஆயினும் அதிற் பாதியைக் கொண்டாலும் நெஞ்சு பதறுகிறது.

இயல்பைக் கொண்டு மதிப்பிடுவது எளிதென்று தோன்றலாம். அதிலும் வழுக்கும் இடம் உண்டு. அழுகியதை எல்லாம் செரிக்கும் வயிறு எந்த நஞ்சையும் தாங்கும் என்று ஒருவர் வாதிட்டிருந்தால், நாமும் தலையசைத்திருப்போம். ஓர் இயல்பை மட்டும் பற்றிக்கொண்டு பேசுவதன் ஆபத்து அது. பெயரை நம்புவதும் அத்தகையதே. அமெரிக்காவில் வான்கோழிப் பாறு என்றொரு பறவை உண்டு. மொட்டைத் தலை, பிண உணவு, வட்டமிடும் பறத்தல், எல்லாம் நம் பாறு போலவே. ஆனால் நம் பாறைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்குக்கு மேல் டைக்ளோஃபெனாக் கொடுத்தும் அது நலமாயிருந்தது. தோற்றமும் தொழிலும் ஒன்றாயினும் அது வேறு குலம். இதற்கு மாறாக, 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இராசத்தானத்துப் பிணக் கிடங்கு ஒன்றில் இறந்து கிடந்த புல்வெளிக் கழுகுகள் இரண்டினுள் இம்மருந்தையும் அதே சிறுநீரகக் கேட்டையும் கண்டது. அவை பாறு அல்ல, வேட்டையாடும் கழுகினம். ஆகவே உடலுள் நிகழும் வேதியியல், உண்ணும் முறை, இனப்பெருக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இதே எண்ணத்தை நீரோடைகளுக்குப் பொருத்திக் காட்டியவர்கள் செருமானிய நாட்டின் லைப்சிக் நகரத்து அறிஞர்கள். மத்தியாஸ் லீஸ் என்பவரும் உடன் உழைத்தவரும் 2005-இல் வெளியிட்ட முறை அது. வயலோர ஓடையில் பூச்சிமருந்து கலந்ததா என்று அறிய நீரை மட்டும் சோதித்தால், மழை பெய்த அன்று வந்து மறுநாள் போய்விட்ட நஞ்சு அகப்படாது. ஆகவே ஓடையில் வாழும் பூச்சிப் புழுக்களைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் பற்றி நான்கு கேள்விகள்: நஞ்சை எவ்வளவு தாங்கும்? ஒரு தலைமுறைக்கு எத்தனை காலம்? மருந்து தெளிக்கும் பருவத்தில் நீருக்குள் இருக்கிறதா, சிறகு முளைத்து வெளியேறிவிட்டதா? மேலோடையிலிருந்து உறவினம் வந்து குடியேற முடியுமா? தாங்காதது, மெல்லப் பெருகுவது, அப்பருவத்தில் நீரைவிட்டு நீங்காதது, குடியேற வழியில்லாதது ஆகியவை எந்த ஓடையில் மறைந்துவிட்டனவோ அங்கே மருந்து வந்து போயிருக்கிறது. இடம்பெயரும் ஆற்றல் ஓடைப் பூச்சிக்கு மீட்சி தருகிறது. அதே ஆற்றல் பாறை நஞ்சின்பாற் கொண்டு சேர்த்தது. இத்தகைய முரண்களே இத்துறையை எனக்குச் சுவையுள்ளதாக்குகின்றன.

பாறின் கதைக்கு மீள்கிறேன். 2006-இல் நம் அரசு கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மாற்று மருந்து வேண்டுமே! அருகிப்போன பறவையை வைத்துச் சோதிப்பது அறமாகுமா? அதனால் முதலில் உலகெங்கும் உயிர்க்காட்சிச் சாலைகளுக்கும் மருத்துவர்க்கும் எழுதி, எந்த மருந்தை எந்தப் பறவைக்குக் கொடுத்தீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மெலாக்சிகாம் எனும் மருந்தை 60 இனங்களைச் சேர்ந்த 700-க்கு மேற்பட்ட பறவைகளுக்குக் கொடுத்தும் சாவில்லை என்று விடை வந்தது. பின் நம் பாறுக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பாறுக்குக் கொடுத்துப் பார்த்து, அதன் பின்னரே நம் பறவைக்குக் கொடுத்துத் தீங்கில்லை எனக் கண்டனர். அரியானாவின் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்க ஒரு நிலையம் நிறுவி, அதற்குச் சடாயுவின் பெயரையும் இட்டிருக்கிறார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நலமாயிருக்கும். மனிதர்க்கென விற்ற பெரிய மருந்துப் புட்டிகளை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்கள். 2015-இல் அப்புட்டியை 3 மில்லிக்குச் சுருக்க வேண்டியதாயிற்று. அசெக்ளோஃபெனாக் என வேறொரு மருந்து வந்தது. மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதனையும் கீட்டோப்ரோஃபெனையும் 2023-இல் தடுத்தார்கள். குசராத்தில் இறந்த பாறுகளை நம் கோவையை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தார் ஆராய்ந்து நிமெசுலைடைக் கண்டனர். 2024 டிசம்பர் இறுதியில் அதற்கும் தடை வந்தது. ஒவ்வொரு முறையும் பறவை முன்னே இறந்தது, ஆணை பின்னே வந்தது. டோல்ஃபெனாமிக் அமிலம் பாறுக்குத் தீங்கற்றது என்று 2022-இல் நம் நாட்டு ஆய்வு காட்டியிருப்பதால், இப்போது கால்நடை மருத்துவர் கையில் இரண்டு நல்ல மருந்துகள் உள்ளன. இனி வரும் எந்த வலிமருந்துக்கும், மாட்டுக்கென உரிமம் வழங்குமுன், பிணந்தின்னும் பறவைக்கு அது என்ன செய்யும் என்று மருந்து செய்வோரே காட்ட வேண்டும் எனச் சட்டம் கேட்க வேண்டும். அச்சோதனையின் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும்.

சலங்கை கட்டிய குழந்தைகள் திரைக்குப் பின்னே பொறுமை இழப்பது இங்கே கேட்கிறது.